ஊர்ப் பள்ளியும் ஊராரின் தொண்டும்

சேலம் மாவட்டத்து மேட்டூர் வட்டத்தில் அமைந்துள்ள ஜலகண்டாபுரம், நெசவுத் தொழிலுக்குப் பெயர் பெற்ற பேரூர். அதனைச் சுற்றிச் சமவெளியில் சிற்றூர்கள் பல பரவியுள்ளன. 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணை அருகிலேயே இருப்பினும், இப்பகுதி நிலங்களில் பெரும்பகுதி மழையையும் கிணற்றையும் நம்பியே விளைந்து வந்துள்ளது. நிலக்கடலையும் சோளமும் பயிரிடுவோர் ஒரு பால். தறியில் அமர்ந்து பாவும் ஊடையும் சேர்ப்போர் மற்றொரு பால். இவ்விரு தொழிலாருடைய மக்களும் ஒரே பாயில் அமர்ந்து அகரம் பயிலும் இடம் ஊர்த் தொடக்கப் பள்ளியாகும்.

இத்தகைய சிறு பள்ளியைச் சர்க்கார் கட்டிடம் என்று மட்டும் கருதுவோர் உளர். ஆசிரியரை அரசு நியமிக்கின்றது, சம்பளத்தை அரசு கொடுக்கின்றது, ஆகவே நமக்கு அங்கு வேலை இல்லை என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பதையும், ஊரார் செய்யத்தக்க தொண்டு யாது, செய்யத் தகாதது யாது என்பதையும் இங்கு ஆராய்வோம்.

சிறு பள்ளியின் கணக்கு

முதலில் ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 60 பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 ஆசிரியர். ஆனால், வகுப்புகளோ ஐந்து. எனவே 40 அல்லது 50 பிள்ளைகள் பயிலும் பள்ளியில் ஓர் ஆசிரியர் இரண்டு வகுப்புகளையும் மற்றவர் மூன்று வகுப்புகளையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக் கொடுக்கும்பொழுது, அருகிலுள்ள மற்றப் பிள்ளைகள் தாமே எழுதிக்கொண்டிருக்க வேண்டும். ஓர் ஆசிரியர் பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்றுவிட்டால், ஐந்து வகுப்புகளும் ஒருவர் பொறுப்பில் வந்துவிடுகின்றன.

பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் எண்ணிக்கையும் குறையும். ஆசிரியர் குறைந்தால் பெற்றோரின் நம்பிக்கை தளரும். வசதியுள்ளோர் தம் பிள்ளைகளை வேனில் ஏற்றிப் பட்டணத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிடுவர். எண்ணிக்கை மேலும் குறையும். இச்சுழலில் இறுதிவரை பள்ளியில் எஞ்சி நிற்போர் யாவர்? கூலிக்காரரின் மக்களும், தொலைவு சென்று படிக்க வீட்டார் அனுப்பத் தயங்கும் பெண் குழந்தைகளுமே. பள்ளி இல்லாமற் போனால் முதலில் இழப்பவர் அவர்களே. ஊர்ப் பள்ளி வாழ்வதும் தாழ்வதும் ஊரின் பொறுப்பு என்று நாம் கூறுவதன் காரணம் இதுதான்.

முன்னோர் காட்டிய வழி

இது புதிய கருத்தன்று. 1956ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராசர் காலத்தில், ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கும் திட்டம் தொடங்கியபொழுது, அது ஊராரின் கொடையையும் கொண்டே நடந்தது. ஓர் உணவின் செலவு 10 காசு எனில், 6 காசு அரசின் பங்கு. 4 காசு ஊரின் பங்கு. அறுவடைக் காலத்தில் நெல்லும் தானியமும் அளந்து கொடுத்தோரும், விறகும் காய்கறியும் கொணர்ந்து தந்தோரும் அன்று பல ஊர்களில் இருந்தனர்.

அதனைத் தொடர்ந்து, 1958ஆம் ஆண்டில் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் உருவாயிற்று. அப்போது பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் அதனை முன்னின்று நடத்தினார். செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடக்க காலத்து மாநாடுகளுள் ஒன்று கூடிற்று. இயக்கத்தின் முறை மிக எளிது. ஒவ்வொரு பள்ளித் தலைமையாசிரியரும் ஊர்ப் பெரியோருடன் அமர்ந்து, பள்ளிக்கு என்னென்ன தேவை என்று பட்டியல் எழுதுவார். கூடத்துக்கு ஓடு, கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், தண்ணீர்ப் பானை, சமையல் பாத்திரம், நூல்கள், விளையாட்டுத் திடலுக்கு நிலம் என்று பட்டியல் நீளும். அவற்றுள் தம்மால் இயன்றதை இன்னார் தருவார் என்று ஊரில் பேசி முடிப்பர். பின்னர் பல பள்ளிகள் ஒன்று சேர்ந்து மாநாடு கூட்டி, அங்கு அப்பொருள்களை ஒப்படைப்பர். பெருஞ்செல்வர் தந்த கட்டிடமும் உழைப்பாளி தந்த ஒரு பானையும் ஒரே பட்டியலில் இடம் பெற்றன. அக்காலத்துச் சேலம் மாவட்டம் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மாவட்டங்களையும் உட்கொண்ட பெரிய மாவட்டமாக இருந்தது என்பதை ஈண்டு நினைவில் கொள்ளலாம்.

அதே 1958ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையிலும் இதனை ஒத்த முயற்சி ஒன்று பிறந்தது. கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் ஆசிரியர் ஏ. டி. அரியரத்தின அவர்கள், தம் மாணவரைக் கனத்தொலுவ என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்று, ஊராரோடு சேர்ந்து உழைக்கச் செய்தார். அந்தச் சிரமதானமே பின்னர்ச் சர்வோதய இயக்கமாக வளர்ந்தது. ஜப்பான் நாட்டில், பிள்ளைகளே தம் வகுப்பறையைத் துடைப்பதும் தம் தோழர்க்கு உணவு பரிமாறுவதும் பள்ளிக் கல்வியின் பகுதியாக நடைபெறுகின்றன. நாடுகள் வேறாயினும், பள்ளி என்பது சேர்ந்து வாழப் பழகும் இடம் என்னும் கருத்து ஒன்றே.

இன்றைய சட்டம் தரும் இடம்

1958இல் ஊராரின் தொண்டு நல்லெண்ணத்தின் பாற்பட்டதாக இருந்தது. இன்று அதற்குச் சட்டமே இடம் வகுத்துள்ளது. ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு இருத்தல் வேண்டும். அதில் 4இல் 3 பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கும் உரிய இடம் அளிக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டிலும் மீண்டும் 2024ஆம் ஆண்டிலும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பெற்றன. 2024இல் முன்னாள் மாணவர்க்கும் இடம் தரப்பட்டது. பள்ளி நடைபெறும் முறையைக் கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், வரும் நிதி முறையாகச் செலவாகின்றதா என்று பார்ப்பதும் குழுவின் கடமைகள்.

ஆனால் குழு ஏட்டளவில் இருந்தால் போதாது. கூட்டத்துக்கு வந்து கையெழுத்திட்டுச் செல்வது உறுப்பினர் வேலை அன்று. தறி வேலைக்கும் களையெடுப்புக்கும் செல்லும் தாய்மார் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வைக்க வேண்டும். அவர்கள் பேசும்வரை மற்றவர் பொறுத்திருக்கவும் வேண்டும். குழந்தை பள்ளிக்குச் செல்ல ஏன் அழுகின்றது, கழிவறைக்குச் செல்ல ஏன் அஞ்சுகின்றது என்பன அவர்களுக்கே முதலில் தெரியும்.

மூன்று பட்டியல்கள்

பழைய இயக்கத்தின் தேவைப் பட்டியலை இன்று நாம் மூன்றாகப் பிரித்து எழுதுதல் நலம்.

முதற் பட்டியல், அரசு செய்ய வேண்டியது. ஆசிரியர் நியமனம், பழுதான கட்டிடத்தை மாற்றுதல், புதிய வகுப்பறை ஆகியன இதில் அடங்கும். இவற்றை ஊரார் தம் தலையில் ஏற்றுக்கொள்ளுதல் கூடாது. முறைப்படி எழுதிக் கேட்டு, விடை வரும்வரை தொடர்ந்து நினைவூட்ட வேண்டும்.

இரண்டாவது, உள்ளாட்சி செய்ய வேண்டியது. குடிநீர்க் குழாய், பள்ளிக்குச் செல்லும் பாதை, தெரு விளக்கு, மழைநீர் தேங்காமல் வடிகால், கழிவறைக்குத் தண்ணீர், துப்புரவு ஆகியன இதன்பாற்படும். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடுவது வழக்கம். 2022ஆம் ஆண்டில் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. பள்ளியின் தேவையைத் தீர்மானமாக எழுதிப் பதிவு செய்ய இதனினும் ஏற்ற இடம் வேறில்லை.

மூன்றாவது, ஊராரின் கையும் பொருளும் செய்யக்கூடியது. கதவின் கீலை மாற்றுதல், சுவருக்கு வெள்ளையடித்தல், மேய்ச்சல் ஆடுகள் நுழையாமல் கிளுவை வேலி நடுதல், நூலகத்துக்கு அலமாரி தருதல் முதலியன இவை. உழவர்க்கு இயல்பான தொண்டு ஒன்று உண்டு. அது பள்ளித் தோட்டம். பிள்ளைகள் கை கழுவும் நீர் வீணாக ஓடாதபடி ஒரு வாய்க்கால் வெட்டினால், முருங்கையும் பப்பாளியும் கீரையும் வளர்க்கலாம். வறண்ட நிலத்துப் பிள்ளைக்கு நீரின் அருமையைக் கற்பிக்க இதனினும் நல்ல பாடம் இல்லை.

ஒன்றை மறத்தலாகாது. பொருள் ஒரே நாளில் வந்துவிடும். பராமரிப்போ நாள்தோறும் வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் கொடுத்தவர் பெயர் சுவரில் இருக்கும். அதைக் கழுவுபவர் யார் என்பது எழுதப்பட்டிராவிடில் சில மாதங்களில் தொட்டி பாசி பிடித்துவிடும். எனவே ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதைக் காப்பவர் பெயரையும் குறித்தல் வேண்டும்.

நேரம் என்னும் கொடை

பணமும் பொருளும் இல்லாதவரும் தம் நேரத்தைக் கொடுக்கலாம். பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்தமையால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடு செய்ய, 2021ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், ஊர்ப் பெண்களும் இளைஞரும் மாலையில் சுமார் ஒன்றரை மணி நேரம் தம் தெருப் பிள்ளைகளைத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் அமர்த்திப் படிப்பித்தனர். தெருவில் உள்ள ஒருவரே சொல்லிக் கொடுக்கும்பொழுது பிள்ளையின் அச்சம் நீங்குகின்றது என்பது அதன் படிப்பினை.

ஜலகண்டாபுரம் வட்டாரத்தில் இதனைத் தொடர ஊக்கத்தொகைக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. விசைத்தறியில் இரவு முறை பார்க்கும் பெற்றோர்க்குக் காலையில் பிள்ளையை எழுப்பி அனுப்புதல் கடினம். அத்தெருவிலேயே உள்ள இருவர், நாள்தோறும் அவ்வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளி வாயில்வரை அழைத்துச் சென்றால், வருகைப் பதிவேடு மாதத்துக்குள் மாறும். நிலக்கடலை பறிப்புக் காலத்தில் பிள்ளைகள் வயலுக்குச் செல்லாமல் காப்பதும் இதனையே சாரும். கதை சொல்லும் பாட்டிமார் வாரம் ஒரு மணி நேரம் வரலாம். நெசவாளர், பாவில் எத்தனை இழை, ஒரு சேலைக்கு எவ்வளவு நூல் என்று காட்டினால், பெருக்கற் கணக்கு பிள்ளைகளின் கண்முன் வந்து நிற்கும்.

உணவிலும் தொண்டுக்கு இடமுண்டு. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25இல் மாநிலத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுவினரே சமைக்கும் ஏற்பாடு அது. பிள்ளைகளுக்குப் பரிமாறுமுன் தாய்மார் ஒருவர் முறை வைத்து உண்டு பார்ப்பதும், தட்டும் கையும் தூய்மையாக உள்ளனவா என்று கவனிப்பதும் சிறு வேலைகளே, பயனோ பெரிது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே உணவை உண்ண வேண்டும். சாதி பார்த்துப் பிரித்து அமர்த்துதல் எவ்வகையிலும் நுழைய இடந்தரலாகாது.

தொண்டுக்கும் எல்லை உண்டு

தொண்டர் ஆசிரியரின் உதவியாளரே தவிர, அவருக்கு மாற்று ஆகார். பாடத்தை நடத்துவது ஆசிரியரின் உரிமை. படித்ததை வாய்விட்டு வாசிக்கச் செய்வது தொண்டரின் பணி. தொண்டர் இருக்கின்றார் என்று காட்டி, காலியான ஆசிரியர் இடத்தை நிரப்பாமல் விட ஊரார் உடன்படுதல் கூடாது.

பிள்ளைகளின் பாதுகாப்பு யாவற்றினும் முதன்மையானது. தொண்டர் எவரும் ஒரு பிள்ளையுடன் தனித்திருத்தல் கூடாது. எப்பொழுதும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும். அடித்தல், இழிவாகப் பேசுதல் இவற்றுக்கு இடமே இல்லை. குழந்தைகளுக்கான 1098 என்னும் உதவித் தொலைபேசி எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி வைத்தல் வேண்டும். தம் இடத்தைத் தாமே பெருக்கக் கற்பது கல்வி. கழிவறை கழுவப் பிள்ளைகளை ஏவுதல் குற்றம். இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

பணம் பெற்றால் அன்றே இரசீது கொடுத்துப் பேரேட்டில் பதிந்து, அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டும். ஐந்து ரூபாயாயினும் கணக்குச் சொன்னால் ஊர் மறுமுறையும் தரும். சொல்லாவிடில் நல்ல முயற்சியும் அத்துடன் நின்றுவிடும்.

எதனால் அளப்பது?

ஓராண்டு சென்றபின் நம் தொண்டை எதனைக் கொண்டு அளப்பது? புதிய வண்ணச் சுவரைக் கொண்டன்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அழைத்து, இதுவரை காணாத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தடையின்றி வாசித்துப் பொருளும் சொன்னால் தொண்டு பலித்தது. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் கூலிக்காரர் மகளும் அவ்வாறே வாசித்தால் ஊரே வென்றது எனலாம்.

பஞ்சாயத்து உறுப்பினரும் உழவரும் நெசவாளரும் இவ்வாண்டு முதற் காரியமாக மூன்று பட்டியல்களை எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டுவாராக. அரசின் கடமையைக் கேட்டுப் பெறுவோம். உள்ளாட்சியின் கடமையை நிறைவேற்றுவோம். நம் கையால் ஆவதை நாமே முடிப்போம். ஊர் கூடித் தேர் இழுக்கத் தெரிந்த மக்களுக்கு, ஊர் கூடி ஒரு பள்ளியைக் காத்தல் அரிய செயலன்று.