முதலில் வாட்டைக் கேளுங்கள்

செஞ்சியில் வைகாசி முகூர்த்தமும் அக்னி நட்சத்திரமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டுதான் வரும். கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்கிறவர்களுக்கு வேலை குவிவதும் அந்த வாரங்களில்தான். நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் நாட்கள் அவை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் பகலெல்லாம் வாங்கிய வெயிலைப் பொழுது சாய்ந்த பிறகுதான் விடத் தொடங்கும். அதனால் ராத்திரியிலும் வெக்கை தணிவதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலோ, தளம் சுட்டுக்கிடக்கும் மாடி அறையிலோ கம்ப்யூட்டர் எக்ஸ்போர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும். "அண்ணே, ரிசப்ஷன் வீடியோ எப்போ கிடைக்கும்?" என்று போன் வந்தபடி இருக்கும்.

அந்த அறைக்காக கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை ஜி.பி.?" அடுத்தது விலை. நம் ஊர் வெயிலுக்கு முதல் கேள்வி, "எத்தனை வாட்?" என்பதாக இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கார்டு இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. 2021-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060-க்கு 170 வாட். 2023-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060-க்கு 115 வாட்தான். பெரும்பாலான கேம்களில் வேகமும் அதற்கே கூடுதல். ஆர்.டி.எக்ஸ். 3080 என்றால் 320 வாட். முழு வேகத்தில் ஓடும்போது நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அடுப்பு எரிகிற மாதிரி. அந்தச் சூட்டைக் கேபினட்டிலிருந்து வெளியேற்றினாலும் அது போவது நாம் உட்கார்ந்திருக்கும் அறைக்குள்தான். அறை சூடேறினால் கார்டு உள்ளே இழுக்கும் காற்றும் சூடேறும்.

யூடியூபில் கார்டுகளைச் சோதித்துக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் குளிர்ந்த அறையில் சோதிக்கிறார்கள். அறை 24 டிகிரி, கார்டு 66 டிகிரி என்று காட்டினால், அதில் நமக்குப் பயன்படும் எண் இரண்டுக்கும் இடையிலுள்ள 42. அதே கார்டு, அதே வேலை, அதே ஃபேன் வேகம் என்றால் அந்த வித்தியாசம் பெரிதாக மாறாது. நம் அறை 39 டிகிரி என்றால் கார்டு 81-க்குப் போய் நிற்கும். என்விடியா கார்டுகள் பலவற்றில் 83 டிகிரியை ஒட்டியே வேகம் தானாகக் குறையத் தொடங்கும். அதற்குள் ஃபேன்கள் உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கும். அங்கே 'கூல் கார்டு' என்று பெயர் வாங்கியது இங்கே வந்து திணறுவது இதனால்தான். கார்டில் குறை இருக்காது.

எல்லோருக்கும் கார்டு தேவைதானா என்பதையும் பார்க்க வேண்டும். ஃப்ளெக்ஸ் டிசைன், கல்யாணப் பத்திரிகை, ஆல்பம் வேலைக்கு ஃபோட்டோஷாப்பும் கோரல்டிராவும் ஓடினால் போதும். புராசஸரோடு வரும் கிராபிக்ஸே அதைத் தாங்கும். அந்தப் பணத்தில் ரேம் கூட்டிக்கொள்வது நல்லது. கார்டு வேண்டும், ஆனால் பழைய கம்ப்யூட்டர் என்றால் 70 வாட்டில் ஓடும் 6 ஜி.பி. ஆர்.டி.எக்ஸ். 3050 இருக்கிறது. மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரை தருவதால் அதற்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர் வேண்டாம்.

வீடியோக்காரர்களின் கணக்கு வேறு. புதிய கேமராக்கள் பலவற்றில் 10 பிட் 4:2:2 முறையில் எடுக்கலாம். நிறத் திருத்தத்துக்கு அருமையாக இருக்கும்; டைம்லைனில் போட்டால் இழுத்து இழுத்து ஓடும். இதை நேரடியாகப் பிரித்துப் படிக்கும் வசதி என்விடியாவில் ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் வந்தது. அதற்கு முந்தைய கார்டு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்த வேலை புராசஸர் தலையில் விழும். ஆனால் இன்டெல்லில் 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸரிலிருந்தே, கூடவே வரும் கிராபிக்ஸ் எச்.இ.வி.சி. கோடெக்கில் பதிவான 4:2:2-வைப் படித்துவிடும். பெயரின் கடைசியில் 'எஃப்' எழுத்துள்ள புராசஸர்களில் அந்த கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் விலை குறைகிறதே என்று 'எஃப்' வாங்கிவிட்டு, பிறகு பெரிய கார்டு போட்டு ஈடுகட்டப் பார்ப்பது வீண் செலவு, வீண் சூடு.

புதிதாகக் கம்ப்யூட்டர் கட்டும் வீடியோ எடிட்டருக்கு நான் சொல்வது, 2025-ல் வந்த 145 வாட் ஆர்.டி.எக்ஸ். 5060. அதையும் முழு வேகத்தில் ஓட விடாமல், ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிவிடலாம். 29 வாட் மிச்சம். சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு ஏறும், வோல்டேஜின் இருமடியோடும் ஏறும். அதனால் கடைசிச் சில சதவீத வேகத்துக்குத்தான் அதிக வாட் செலவாகிறது. அதை விட்டுக்கொடுத்தால் எக்ஸ்போர்ட் நேரம் சற்றே கூடும், அவ்வளவுதான். டாவின்சி ரிசால்வில் 4கே நாய்ஸ் ரிடக்ஷன் நிறையப் போடுகிறவருக்கு இந்தக் கார்டின் 8 ஜி.பி. நினைவகம் இடிக்கும். அவர் மட்டும் வாட் கூடினாலும் பரவாயில்லை என்று 12 அல்லது 16 ஜி.பி. பக்கம் போகலாம்.

செகண்ட் ஹேண்ட் கார்டில் ஓர் எச்சரிக்கை. 2022 செப்டம்பர் 15-ல் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம் கிராபிக்ஸ் கார்டு மைனிங் தேவைப்படாத முறைக்கு மாறியதும், இரவு பகலாக மைனிங்கில் ஓடிய கார்டுகள் சந்தையில் வந்து கொட்டின. அப்படி உழைத்த கார்டில் தெர்மல் பேட் காய்ந்திருக்கலாம், ஃபேன் தேய்ந்திருக்கலாம். குளிர்ந்த ஊரில் அது சில காலம் ஓடும். செஞ்சியின் மே மாதம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி காற்று. கார்டு, புராசஸர் எல்லாம் சேர்த்து 300 வாட் என்று வைத்துக்கொண்டால், கேபினட்டுக்குள் காற்று 10 டிகிரிக்கு மேல் ஏறாமலிருக்க வினாடிக்குச் சுமார் 26 லிட்டர் காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும். முன்பக்கம் கண்ணாடி போட்டுக் கலர் விளக்கு எரியும் கேபினட்டில் அவ்வளவு காற்று புக வழியில்லை. வலை முகப்புள்ள கேபினட், முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று என்றால் போதும். கம்ப்யூட்டர் மேஜையில் கேபினட்டுக்கென்றே ஒரு பெட்டி அடித்து, அதையும் சுவரோடு ஒட்டிப் போடுகிறார்களே, அதுதான் பெரிய பகை. வெளியே வந்த சூடான காற்று சுவரில் முட்டித் திரும்ப உள்ளேயே போகும். கேபினட்டை வெளியே எடுத்து ஒரு சின்ன ஸ்டூல் மீது, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே சில டிகிரி இறங்கும். கூரைச் சூட்டைக் கீழே தள்ளும் சீலிங் ஃபேனைவிட, ஜன்னலில் வைத்த எக்ஸாஸ்ட் ஃபேன் இந்த அறைக்கு உதவும்.

தூசியும் சேரும். நெல் வந்து இறங்கும் நாட்களில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் உமித்தூள் பறக்கும். கடையில் காட்டும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால் ஹீட் சிங்கில் பிசுபிசுவென்று படியும். மாதம் ஒருமுறை புளோயர் அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் சுற்ற விட்டால் பேரிங் போய்விடும்.

வாட்டைக் கேட்க இன்னொரு காரணமும் உண்டு: 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரும் சேர்ந்தால் பெரிய கார்டு அந்த எல்லையை எளிதில் தாண்டும். கரண்ட் போன கணத்தில் எக்ஸ்போர்ட்டும் போகும்.

சுவரில் ஒரு சாதாரண தெர்மாமீட்டர் மாட்டி, கனமான வேலை ஓடும்போது அறைச் சூட்டையும் கார்டுச் சூட்டையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கார்டு புதிதாக இருந்தபோது வித்தியாசம் 42 என்றால், தூசி தட்டிய பிறகும் அதே வேலையில் 50-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டிய நேரம். வாரன்டி இருந்தால் கார்டைப் பிரிக்கும் முன் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, தை முகூர்த்தங்கள் முடிந்து சித்திரை பிறப்பதற்குள் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.