எந்த விதியில் பேசுவது?

கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் காலை பத்து மணிதான் எங்களுக்குக் கெடு. மக்களவையில் ஒத்திவைப்புத் தீர்மானம் கேட்பதென்றால் அன்று பத்து மணிக்குள் நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். டெல்லியில் எதிர்க்கட்சி எம்.பி. ஒருவருக்கு உதவியாளராக இருந்த காலத்தில் அதை எழுதித் தருவது என் வேலை. மக்களவைச் செயலகம், சபாநாயகர், துறை அமைச்சர், நாடாளுமன்ற விவகாரத் துறை அமைச்சர் என்று நாலு பேருக்குப் போகும் தாள் அது.

பார்வைக்கு நாலு வரிதான். ஆனால் "விலைவாசி ஏறிக்கொண்டே போகிறது" என்று எழுதினால் அது அங்கேயே செத்தது. ஒரே ஒரு விஷயமாக, குறிப்பானதாக, அண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும். மத்திய அரசு பதில் சொல்ல வேண்டியதாகவும் இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதைத் தொடக் கூடாது. அதே கூட்டத்தொடரில் பேசி முடித்ததைக் கிளறக் கூடாது. வருடக்கணக்காக ஊறிக் கிடக்கும் ஒரு துயரத்துக்கு 'நேற்று' என்ற தேதியைத் தேடிப் பிடிப்பதிலேயே பாதிக் காலை போய்விடும்.

இத்தனையும் பொருந்தி, சபாநாயகரும் சம்மதித்து, யாராவது ஆட்சேபித்தால் 50 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். 2014 தேர்தலில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 44 இடங்கள். பிரதான எதிர்க்கட்சியே தன் சொந்த பலத்தில் அந்த எண்ணிக்கையைக் காட்ட முடியாத நிலை. அனுமதி கிடைத்துவிட்டால் மற்ற அலுவல்கள் ஒதுங்கிவிடும். வழக்கமாக மாலை நாலு மணிக்கு விவாதம் தொடங்கும், குறைந்தது இரண்டரை மணி நேரம் நடக்கும், கடைசியில் வாக்கெடுப்பு. தோற்றால் அரசு பதவி விலக வேண்டியதில்லை. ஆனால் அவை அரசைக் கண்டித்ததாகப் பதிவாகிவிடும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இது பிடிக்காது.

எங்கள் நோட்டீஸ்களில் பெரும்பாலானவை மதியத்துக்குள் நிராகரிக்கப்பட்டுவிடும். அது கொடுக்கும்போதே தெரியும். தொகுதியிலிருந்து கட்சிக்காரர் போன் செய்வார்: "ஐயா நம்ம விஷயத்தைப் பேசிட்டாரா தம்பி?" "நோட்டீஸ் கொடுத்திருக்கோம்ணே." அவருக்கு அதுவே போதும், மறுநாள் பேப்பரில் 'ஒத்திவைப்பு நோட்டீஸ்' என்று பெயரோடு வந்துவிடும். இதில் கொஞ்சம் நாடகம் உண்டு என்பதை மறைப்பானேன்?

ஆனால் வீட்டில் டி.வி. பார்ப்பவருக்குப் புரியாத இடம் வேறு. "விவாதிக்கத் தயார்" என்று அரசும் சொல்கிறது, "விவாதம் வேண்டும்" என்று எதிர்க்கட்சியும் கத்துகிறது. பிறகு எதற்கு அமளி? சண்டை பெரும்பாலும் விதியின் எண்ணைப் பற்றியது. மக்களவையில் 193ஆம் விதியில் பேசினால் பேச்சோடு சரி, ஓட்டு கிடையாது. 184இல் பேசினால் ஓட்டு உண்டு. ஓட்டு என்று வந்துவிட்டால் ஒவ்வொரு கட்சியும் தன் நிலையைக் காட்டியாக வேண்டும்.

2012இல் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை மன்மோகன் சிங் அரசு அனுமதித்தது. பா.ஜ.க. 184ஐக் கேட்டுப் பிடிவாதமாக நின்றது. குளிர்காலக் கூட்டத்தொடரின் முதல் சில நாட்கள் வீணாயின. கடைசியில் அரசு இறங்கிவந்தது, சுஷ்மா ஸ்வராஜ் தீர்மானம் கொண்டுவந்தார். டிசம்பர் 5ஆம் தேதி அரசு 253க்கு 218 என்று ஜெயித்தது. முதலீட்டை எதிர்த்துப் பேசிய சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் ஓட்டு நேரத்தில் வெளிநடப்பு செய்தன. அந்த முதலீட்டை விரும்பாத தி.மு.க. கூட்டணிக்காக அரசின் பக்கம் ஓட்டுப் போட்டது. வெறும் பேச்சோடு முடிந்திருந்தால் இவை எதுவும் பதிவாகியிருக்காது.

மாநிலங்களவையில் ஒத்திவைப்புத் தீர்மானமே கிடையாது. அங்கே எண்கள் 176, 267. 176 என்றால் அதிகபட்சம் இரண்டரை மணி நேரம், ஓட்டில்லாமல். 267 என்றால் அன்றைய அலுவலை நிறுத்திவைத்துவிட்டுப் பேசுவது. பணமதிப்பிழப்பு பற்றி 2016 நவம்பரில் அப்படித்தான் விவாதம் தொடங்கியது. அதன் பிறகு 267ஆம் விதியின் கீழ் நோட்டீஸ்கள் குவிந்தன, ஏற்கப்படவில்லை.

2023 மே 3ஆம் தேதி மணிப்பூரில் கலவரம் வெடித்தது. ஜூலை 20 அன்று மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கியபோது எதிர்க்கட்சிகள் 267 கேட்டன, அரசு 176க்குத் தயார் என்றது. இரு பக்கமும் அசையவில்லை. ஜூலை 26 அன்று அசாம் எம்.பி. கௌரவ் கோகோய் மக்களவையில் நம்பிக்கையில்லாத் தீர்மான நோட்டீஸ் கொடுத்தார். தோற்கும் என்பது அவருக்கே தெரியும். பிரதமரை அவைக்குள் பேசவைக்க வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். ஆகஸ்ட் 10 அன்று மோடி இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தும் மணிப்பூர் வரவில்லை என்று எதிர்க்கட்சிகள் எழுந்து போயின. அவர்கள் போன பிறகு மணிப்பூருக்கு வந்தார். சற்றுப் பொறுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். கேள்வி கேட்டவர்கள் பதிலின்போது அவையில் இல்லை என்று சொல்ல இடம் கொடுத்துவிட்டார்கள்.

அதே வருடம் டிசம்பர் 13 அன்று, பூஜ்ய நேரத்தில், பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் மக்களவைக்குள் குதித்து மஞ்சள் புகையைக் கிளப்பினார்கள். உள்துறை அமைச்சர் அவையில் விளக்கம் தர வேண்டும் என்றன எதிர்க்கட்சிகள். பதாகை, முழக்கம், மையப்பகுதி முற்றுகை, பதிலுக்கு இடைநீக்கம். கனிமொழி, சு.வெங்கடேசன், ஜோதிமணி, மாணிக்கம் தாகூர் எல்லாரும் முதல் நாள் பட்டியலிலேயே இருந்தார்கள். சேலம் எம்.பி. எஸ்.ஆர்.பார்த்திபன் பெயரும் இருந்தது. அவர் அன்று அவைக்கே வரவில்லை என்று தெரிந்து பெயரை எடுத்தார்கள். மக்களவையில் 100, மாநிலங்களவையில் 46 என்று கூட்டத்தொடர் முடிவதற்குள் 146 பேர் வெளியே.

உள்துறை அமைச்சர் அமித் ஷா 20ஆம் தேதி மக்களவையில் நீண்ட நேரம் பேசினார், மூன்று புதிய குற்றவியல் சட்ட மசோதாக்களைப் பற்றி. மசோதாக்கள் அந்த அவையில் அன்றே நிறைவேறின. புகை வீச்சு பற்றிய விளக்கம் வரவில்லை. மறுநாள் இரு அவைகளும் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டன.