வெடிச்சத்தம் ஓய்ந்த பிறகு

2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் உயிரிழந்தனர். அக்டோபர் 7 அன்று ஓசூரை அடுத்த கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளி பட்டாசுக் கடைத் தீவிபத்தில் தீபாவளி நேர வேலைக்குப் போயிருந்த தமிழக இளைஞர்கள் பலர் மாண்டனர். செய்திகள் சில நாள்களில் ஓய்ந்தன. வகுப்பறையில் ஓயவில்லை.

அவ்வாண்டு என் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் பாடவேளையில் தூங்கி வழிவான். சோம்பேறி என்று கடிந்துகொண்டேன். ஒருநாள் நெடுஞ்சாலையில் லாரி டயர் வெடித்தது. அவன் பெஞ்சுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டிருந்தான். அம்மாவை அழைத்துப் பேசியபோதுதான் விவரம் தெரிந்தது. பழையபேட்டை இடிபாடுகளில் சிக்கியவர்களைத் தூக்கியவர்களுள் அவன் அப்பாவும் ஒருவர். இரவில் அவர் அலறி எழுவாராம். மகனும் விழித்தே கிடப்பானாம்.

உயிருக்கு ஆபத்தான நிகழ்வுக்குப் பின் அச்சமும் பதற்றமும் வருவது இயல்பு. பெரும்பாலோருக்கு அவை நாளடைவில் தணியும். ஒரு மாதம் கடந்தும் நீடித்து, அன்றாட வாழ்வைக் குலைத்தால் அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறாக இருக்கலாம். நிகழ்வு கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருதல், அதை நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல், எதிலும் பற்றற்றுப்போதல், சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல் ஆகியன இதன் அறிகுறிகள். உயிர் தப்பியவர்களுக்கு மட்டுமன்றித் தீயணைப்பு வீரர், ஆம்புலன்ஸ் ஊழியர், உதவிக்கு ஓடிய அக்கம்பக்கத்தார் ஆகியோருக்கும் இது வரலாம். சிறு குழந்தைகளிடம் விபத்தையே மீண்டும் மீண்டும் விளையாடுவதாகவும், காரணமற்ற வயிற்றுவலியாகவும் வெளிப்படலாம்.

நோயைக் கண்டறிவது மருத்துவரின் பணி. கவனிப்பதும், கேட்பதும், உதவியோடு இணைப்பதும் நம் பணி. நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது; அவனாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். அன்றாட வகுப்பு ஒழுங்கு மாறாமல் இருப்பதே பெரிய ஆறுதல். தீத்தடுப்பு ஒத்திகை நடத்துமுன் அத்தகைய மாணவர்களிடம் தனியே சொல்லிவிடலாம். பெற்றோரிடம் டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணைக் கொடுக்கலாம். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் அனுப்பலாம்.

அந்த எண்ணை முதலில் அழைத்தவர் அவன் அப்பாதான். அவர் தூங்கத் தொடங்கிய பிறகே என் மாணவனும் தூங்கினான். இப்போதெல்லாம் வகுப்பில் ஒரு பிள்ளை கண்ணயர்ந்தால், "ராத்திரி தூங்கினாயா?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.