போட்டி மேடையும் சிறுமியர் வயதும்

விளையாட்டில் வயது வரம்பு என்பது சிறியோர் பெரியோரிடம் தோற்காமல் காப்பதற்கே என்பது பொதுவான எண்ணம். பெண்கள் சீருடற்பயிற்சியிலோ நிலைமை நேர்மாறானது. சிறுத்த, எடை குறைந்த உடல் காற்றில் விரைந்து சுழலும். பருவமெய்தி வளர்ந்ததும் அவ்வெளிமை குறையும். ஆதலின் அங்கே இளமையே அனுகூலம்.

1976ஆம் ஆண்டு மோன்ட்ரியால் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி முழுப் பத்துப் புள்ளிகள் பெற்றபோது அவருக்கு வயது 14. சிற்றுடலே இக்கலைக்கு உகந்தது என்னும் எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. அனைத்துலகச் சம்மேளனம் குறைந்த வயதை 1981இல் 15 என்றும், 1997இல் 16 என்றும் உயர்த்தியது.

விதி வந்ததும் பொய்யும் வந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஆடிய சீனாவின் டோங் ஃபாங்சியாவுக்கு அப்போது 14 வயதே எனப் பின்னர் தெரிந்தது. 2010இல் அவ்வணியின் வெண்கலப் பதக்கம் அமெரிக்க அணிக்குச் சென்றது. உடன் ஆடியவர்களும் பதக்கம் இழந்தனர்.

வயதைச் சரிபார்த்தால் மட்டும் போதுமா? போதாது. வளரும் உடலை வளரவிடாமல் உணவைக் குறைப்பதும் உண்டு. அதனால் பூப்புத் தள்ளிப்போகும், எலும்பு வலுவிழக்கும். அமெரிக்க வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிச் பசியை ஒடுக்கும் நோய்க்கு ஆளாகி, 1994இல் தம் 22ஆம் வயதில் மறைந்தார்.

பனிச்சறுக்கு நடனத்திலும் 2022இல் எடுத்த முடிவின்படி வரம்பு 15இலிருந்து படிப்படியாக 17 ஆயிற்று. விதி வாயிலில் நின்று காக்கும். பயிற்சிக் கூடத்துக்குள் காக்க வேண்டியவர் ஆசிரியரே. மாணவியின் திறனை மதிப்பிடும் நாவு அவள் உடலை எடைபோடலாகாது.