நிறுத்தி வைத்த வண்டியில் கேஸ் அடுப்பு: சிலிண்டரை எப்படி இணைப்பது?

"சித்த வைத்தியருக்கும் கேஸ் சிலிண்டருக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் நிறையவே உண்டு. எங்களுக்கு நெருப்புதான் பாதி வைத்தியம். விளக்குச் சுடர் போல் மெல்ல எரிவது தீபாக்கினி, தாமரை போல் விரிந்து எரிவது கமலாக்கினி, காட்டுத் தீ போல் கொழுந்து விடுவது காடாக்கினி என்று தீயையே மூன்றாகப் பிரித்துப் பாடம் படித்தவர்கள் நாங்கள். ஒரு தைலம் பக்குவத்துக்கு வர மணிக்கணக்கில் அடுப்பெரிய வேண்டும். விறகு போய் கேஸ் வந்த பிறகு, சிலிண்டரோடு பழகாமல் மருந்து காய்ச்ச முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. இப்போதெல்லாம் குடும்பமாக வேன் பிடித்து யாத்திரை போகிறார்கள். கேரளாவில் 2021-ல் கேரவன் சுற்றுலா என்றே தனித் திட்டம் வந்தது. படுக்கை, குளியலறை, அடுப்பு எல்லாம் வண்டிக்குள்ளேயே. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிற பெற்றோர், அங்கே இப்படிப்பட்ட வீட்டு வண்டியில் வாரக்கணக்கில் தங்குவதும் உண்டு. வண்டி ஓரிடத்தில் நின்றுவிட்டால் அது வண்டி இல்லை, ஒரு சின்ன வீடு. ஆனால் வீட்டுக்கு இருக்கிற காற்றோட்டம் அதற்குக் கிடையாது. ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

26-8-2023 அதிகாலையில் மதுரை ரயில்வே யார்டில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். லக்னோவிலிருந்து வந்த யாத்ரீகர்கள் ஒன்பது பேர் இறந்து போனார்கள். தடையை மீறி ஏற்றி வந்த கேஸ் சிலிண்டர், நின்ற பெட்டிக்குள் காலைக் காபி, டீக்கு அடுப்பு. அவ்வளவுதான். ரயிலில் சிலிண்டர் ஏற்றுவது சட்டப்படி குற்றம். அதில் பேச்சே இல்லை. நான் இங்கே சொல்லப் போவது, முறைப்படி கேஸ் வசதி செய்த வண்டியிலும், வண்டிக்கு வெளியே கொட்டகை போட்டுச் சமைக்கும்போதும் கவனிக்க வேண்டியவற்றை.

கேஸின் குணம் என்ன?

நம் சமையல் கேஸ் புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அமெரிக்கா போன்ற குளிர் நாடுகளில் வண்டிகளுக்குப் புரொப்பேனைத்தான் கொடுக்கிறார்கள். காரணம் எளிது. பியூட்டேன் 0 டிகிரிக்குப் பக்கத்திலேயே திரவமாக அடங்கிவிடும், அடுப்புக்கு வராது. புரொப்பேனோ மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. வெளியே வந்தால் சுமார் 250 மடங்கு விரிகிறது. ஒரு டம்ளர் திரவம் கசிந்தால் 250 டம்ளர் கேஸ்! காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். இது காற்றைவிடக் கனமானது. புகை போல மேலே போகாது, தண்ணீர் போலக் கீழே இறங்கித் தரையில் தேங்கும். மேல் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, 'காற்றோட்டம் இருக்கே' என்று நிம்மதியாக இருப்பது தப்பு. தரை மட்டத்தில் வழி இருக்க வேண்டும்.

கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே நாற்றமடிக்கும் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் சளி பிடித்தவருக்கும், வயதானவருக்கும், கோவிட் காய்ச்சலுக்குப் பிறகு முகரும் சக்தி குறைந்தவருக்கும் அந்த நாற்றம் எட்டாமல் போகலாம். நல்ல மூக்குக்கும் ஒரு குணம் உண்டு. ஒரே வாசனையில் கொஞ்ச நேரம் இருந்தால் அது மரத்துப் போகும். எனவே, "எனக்கு ஒண்ணும் வாசனை வரலையே" என்று ஒருவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். வெளியிலிருந்து வந்தவரைக் கேளுங்கள்.

சிலிண்டர் எங்கே இருக்க வேண்டும்?

அடுப்பு உள்ளே இருக்கலாம், சிலிண்டர் வெளியே. முதல் விதி இதுதான். எங்கள் மருந்துசாலையிலும் அப்படித்தான். முறையாகக் கட்டிய கேரவனில் சிலிண்டருக்கென்றே தனிப் பெட்டி இருக்கும். அது வண்டியின் உட்புறத்துக்கு முற்றிலும் அடைத்து, அடியில் மட்டும் வெளியே திறந்திருக்கும். கசிந்தாலும் கேஸ் கீழே இறங்கி வெளியே போய்விடும். அந்தத் துவாரத்தைத் தூசி வருகிறது என்று துணி வைத்து அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உயிர்மூச்சை அடைப்பது மாதிரி.

வண்டி மாதக்கணக்கில் ஓரிடத்தில் நிற்கிறது, பெட்டியில் உள்ள சின்ன சிலிண்டர் போதவில்லை என்றால், வெளியே பெரிய சிலிண்டர் வைத்து இணைப்பார்கள். அப்போது இவற்றைக் கவனியுங்கள்:

* சிலிண்டர் செங்குத்தாக, சமதளத்தில் நிற்க வேண்டும். மழை பெய்தால் இறங்கும் மண்தரையில் ஒரு சிமெண்ட் பலகை போட்டு, சாயாமல் சங்கிலி மாட்டுங்கள்.
* நிழல் வேண்டும். ஆனால் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டக் கூடாது.
* சாக்கடை வாய், பள்ளம், கிணற்று மேடை பக்கத்தில் வேண்டாம். கேஸ் அதற்குள் இறங்கித் தங்கும்.
* பேட்டரி, ஜெனரேட்டர், சுவிட்சு எல்லாம் தள்ளியே இருக்கட்டும்.
* கூடுதல் சிலிண்டர் இருந்தால் அதன் பாதுகாப்பு மூடி மாட்டியே இருக்க வேண்டும். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கிற பழக்கம் கூடவே கூடாது.

வாங்கும்போதே சிலிண்டரின் கழுத்துப் பட்டையைப் பாருங்கள். ஏ, பி, சி, டி என்ற நான்கு ஆங்கில எழுத்தில் ஒன்றும், ஆண்டின் எண்ணும் இருக்கும். அது அடுத்த பரிசோதனைக்கான கெடு. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். கெடு தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். தெருவோரக் கடையில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்குக் கேஸ் மாற்றித் தருவார்கள். அதையும் வாங்காதீர்கள். விரிவதற்கு இடம் விடாமல் நிரப்பிவிட்டால் வெயிலில் அது வெடிகுண்டுதான்.

ரெகுலேட்டர் எதற்கு?

நம் உடம்பில் ரத்த அழுத்தம் மாதிரிதான் இதுவும். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு. வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். ரெகுலேட்டரைத் தாண்டி அடுப்புக்கு வரும்போது அது சுமார் 30 மில்லிபார்தான். அதாவது, ஒரு அடி உயரம் நிற்கும் தண்ணீர் தரும் அழுத்தம். அவ்வளவு மென்மை! வீட்டு ரப்பர் குழாய் இந்த மென்மைக்கு மட்டுமே தாங்கும்.

வெளி சிலிண்டரை வண்டிக்கு இணைக்கும்போது பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வண்டிக்குள் ஏற்கெனவே ரெகுலேட்டர் இருக்கிறதே என்று, சிலிண்டரிலிருந்து அதுவரை சாதாரண அடுப்புக் குழாயை மாட்டிவிடுகிறார்கள். அந்தக் குழாயில் சிலிண்டரின் முழு அழுத்தமும் ஏறும். அந்த இடத்துக்கு உயர் அழுத்தத்துக்கென்றே செய்த குழாய்தான் வேண்டும். அதேபோல டீக்கடை அடுப்புக்கான உயர் அழுத்த ரெகுலேட்டரை வீட்டு அடுப்புக்கு மாட்டக் கூடாது. எல்லா ரெகுலேட்டரும் எல்லா சிலிண்டருக்கும் பொருந்தாது. பொருந்தாததை நூல் சுற்றி, டேப் ஒட்டிப் பொருத்த வேண்டாம். வண்டியின் உள் குழாய்களில் எந்த மாற்றமும் கேஸ் மெக்கானிக் கையால்தான் நடக்க வேண்டும்.

இணைக்கும் முறை

14.2 கிலோ வீட்டு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம்.

1. அடுப்புக் குமிழ்கள் எல்லாம் மூடியிருக்கட்டும். பக்கத்தில் விளக்கு, ஊதுவத்தி, பீடி எதுவும் கூடாது.

2. பாதுகாப்பு மூடியை எடுத்து, வால்வுக்குள் கருப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 'உஸ்' என்ற சத்தம் வந்தால் மூடியை மறுபடி மாட்டி, திறந்த வெளியில் வைத்துவிட்டு ஏஜென்சிக்குச் சொல்லுங்கள்.

3. ரெகுலேட்டர் குமிழ் மூடிய நிலையில் இருக்க, அதன் அடி வளையத்தைத் தூக்கிப் பிடித்து, வால்வின் மேல் நேராக வைத்து அழுத்தி, வளையத்தை விடுங்கள். 'டிக்' என்று உட்காரும். லேசாக இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது.

4. ரெகுலேட்டரைத் திறந்து, ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி விட்டால் கசிவு. தீக்குச்சியால் சோதிப்பது தற்கொலைக்குச் சமம்.

5. கசிவு இல்லை என்று தெரிந்த பிறகே அடுப்பு. அடுப்பு சிலிண்டரின் உயரத்துக்கு மேலே இருக்கட்டும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 'சுரக்ஷா' குழாயை 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வெயிலில் கிடந்து விறைத்துப் போனால், வெடிப்பு விட்டால், எலி கடித்தால் உடனே மாற்றுங்கள். நின்ற வண்டி எலிக்கு மாமியார் வீடு!

பெரிய அடுப்பில் நெடுநேரம் சமைத்தால் சிலிண்டரின் வெளிப்புறம் ஜில்லென்று வியர்க்கும். திரவம் ஆவியாவதற்குத் தன் சூட்டையே இழப்பதால் வருவது இது. தீ குறையும். உடனே சிலிண்டரைப் படுக்க வைப்பார்கள், கொதிநீரில் நிறுத்துவார்கள். இரண்டும் விபரீதம். படுக்க வைத்தால் கேஸுக்குப் பதில் திரவமே குழாயில் வந்து, தீ ஆள் உயரத்துக்குப் பாயும். அடுப்பைக் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள், தானாகச் சரியாகும்.

வாசனை இல்லாத விஷம்

கசிந்தால் நாற்றம் காட்டிக் கொடுக்கும். ஆனால் எரிகிற அடுப்பே விஷம் கக்கினால்? கேஸ் முழுதாக எரிய, அதைப் போல 25 முதல் 30 மடங்கு காற்று வேண்டும். மூடிய வண்டிக்குள் அந்தக் காற்று கிடைக்காவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் ஆசையோடு இதைப் பிடித்துக்கொள்கிறது. மூச்சு வாங்கிக்கொண்டே இருப்போம், ஆனால் உடம்புக்குப் பிராணவாயு போய்ச் சேராது.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கை கால் ஓய்ச்சல். பித்தம் என்று சுக்குக் கஷாயம் குடித்துப் படுப்பார்கள். படுத்தவர் எழுந்திருக்காமலே போகலாம். ஒரு அடையாளம் சொல்கிறேன். ஒரே வண்டியில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனதும் குறைந்தால், அது பித்தமில்லை. இந்த விஷம்தான்.

தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். பல நாள் நின்ற வண்டியில் சிலந்தியும் குளவியும் பர்னர் குழாயில் கூடு கட்டியிருக்கும். சுத்தம் செய்யாமல் பற்ற வைக்காதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குக் கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ உள்ளே எரியவிட்டுத் தூங்குவது எமனுக்கு அழைப்பு. வெளிநாட்டு வண்டிகளில் தரையருகே கேஸ் அலாரமும், தனியாக கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கும். சத்தம் தொந்தரவு என்று அதன் பேட்டரியைக் கழற்ற வேண்டாம்.

ஆபத்து வந்தால்

நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவுகளைத் திறங்கள், எல்லோரும் வெளியே போங்கள். தள்ளி நின்று 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கான உதவி எண் அது. தீ பிடித்துவிட்டால் 101.

விஷக் காற்றால் மயங்கியவரை வெளியே கொண்டு வந்து 108-ஐக் கூப்பிடுங்கள். இதற்கு ஆக்சிஜன்தான் மருந்து. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், மூலிகை தேடி ஒரு நிமிஷத்தையும் வீணாக்காதீர்கள்.

தீக்காயத்துக்கு ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். மாவு, மை, பற்பசை தடவ வேண்டாம். எங்கள் குங்கிலிய வெண்ணெய்க்கு இடம் உண்டு, ஆனால் சூடு அடங்கிய பின், சின்னக் காயத்துக்கு, வைத்தியர் பார்த்த பிறகு. திரவ கேஸ் கையில் பட்டால் சுடாது, உறையும். தேய்க்காமல் வெதுவெதுப்பான நீரில் வைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரவு படுக்கும் முன் அடுப்புக் குமிழை மட்டும் மூடினால் போதாது, சிலிண்டரிலேயே மூடுங்கள். வண்டி கிளம்பும் முன்னும் அப்படியே. வீட்டில் யார் கடைசியாகப் படுக்கிறார்களோ அவர்களிடமே இந்த வேலையை ஒப்படைத்துவிடுங்கள். இன்று ராத்திரியிலிருந்தே தொடங்கலாம்; உங்கள் சமையலறையிலும்தான்.