ரவுட்டர் கணினியா, தொலைபேசியா?

தக்காளி பழமா, காய்கறியா? படிவம் நான்கு மாணவரைக் கேட்டால், "பூவின் சூலகம் முதிர்ந்து உருவாவது கனி, ஆகவே தக்காளி பழம்தான்" என்பார். அறிவியல்படி அது முழு மதிப்பெண் பெறும் விடை. ஆனால், 1893ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தக்காளி ஒரு காய்கறி என்று தீர்ப்பளித்தது. வழக்குக்குக் காரணம் வரி. அந்நாட்டின் 1883ஆம் ஆண்டு சுங்கச் சட்டப்படி இறக்குமதியாகும் காய்கறிக்கு 10 விழுக்காடு வரி. பழத்துக்கு வரி இல்லை. மக்கள் தக்காளியைச் சாப்பாட்டோடு உண்கிறார்களே தவிர, சாப்பாட்டுக்குப் பின் பழம்போல் உண்பதில்லை என்பது நீதிபதிகளின் விளக்கம்.

இந்தக் காலத்துத் தக்காளி உங்கள் வீட்டு வரவேற்பறையில் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கைப்பேசியையும் மடிக்கணினியையும் இணையத்தோடு இணைக்கும் ரவுட்டர்தான் அது. அதைக் கணினியின் உறுப்பு என்று சொல்வதா, தொலைத்தொடர்புக் கருவி என்று சொல்வதா? இந்தக் கேள்விக்காக நாடுகள் சண்டை போட்டிருக்கின்றன.

ஆறு இலக்க முகவரி

எல்லை கடக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. அதை எச்.எஸ். குறியீடு என்பார்கள். பிரஸ்ஸல்ஸ் நகரில் இயங்கும் உலகச் சுங்க அமைப்பு இதைப் பராமரிக்கிறது. 1988ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்த முறையை இன்று 200க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரங்களும் பயன்படுத்துகின்றன.

உயிரினங்களைத் தொகுதி, வகுப்பு, வரிசை என்று பிரிப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். இதுவும் அப்படித்தான். முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயம்; அடுத்த இரண்டு தலைப்பு; அதற்கடுத்த இரண்டு உட்தலைப்பு. இயந்திரங்கள் 84ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. மின்கருவிகள் 85இல் இருக்கின்றன. கணினிகளின் தலைப்பு 8471. தொலைபேசிகளின் தலைப்பு 8517. இந்த ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதும் ஒன்றே. ஆசியான் நாடுகள் மேலும் இரண்டு இலக்கம் சேர்த்து எட்டாகப் பயன்படுத்துகின்றன.

திமிங்கிலம் நீந்துகிறது, ஆனாலும் அது மீன் இல்லை, பாலூட்டி. தோற்றத்தைப் பார்க்காமல் அடிப்படைப் பண்பைப் பார்ப்பதே அறிவியலின் வழி. சுங்கத்துறையும் அதையே செய்ய முயல்கிறது. கருவிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்ட காலத்தில்தான் சிக்கல் வருகிறது.

அட்டை செய்யும் வேலை என்ன?

1990களில் கணினியைப் பிணையத்தில் இணைக்க, அதற்குள் ஓர் அட்டையைச் செருகுவார்கள். நெட்வொர்க் கார்டு என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். கணினிக்குள் தகவல் பல கம்பிகளில் பக்கம் பக்கமாக ஒரே நேரத்தில் ஓடுகிறது. அட்டை அதை வாங்கி, அதிகபட்சம் 1,500 பைட் கொண்ட துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புநர், பெறுநர் ஆகிய இருவரின் 48 பிட் முகவரிகளையும் ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிவழி அனுப்புகிறது. மறுமுனையில் இருக்கும் அட்டை இதையே தலைகீழாகச் செய்கிறது.

இப்போது நீங்களே நீதிபதி. கணினிக்குள் உட்கார்ந்து, கணினித் தரவையே கையாளும் இந்த அட்டை கணினியின் உறுப்புதானே? ஆம் என்றால் 8471. ஆனால், கம்பிவழி தகவலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புவதுதானே தொலைபேசியின் வேலையும்? அப்படியானால் 8517.

அன்றைய எச்.எஸ். விதியில் இதற்கு ஓர் அளவுகோல் இருந்தது. கணினியோடு சேர்ந்து இயங்கினாலும், தரவைச் செயலாக்குவதைத் தவிர வேறொரு தனிப்பட்ட வேலையைச் செய்யும் கருவி என்றால், அது அந்த வேலைக்குரிய தலைப்புக்குப் போகும். தரவை அனுப்புவது "வேறொரு வேலையா" என்பதில்தான் வழக்கே அடங்கியிருந்தது.

ஐரோப்பாவில் மூண்ட வழக்கு

1995 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் இந்த அட்டைகளைத் தொலைத்தொடர்புக் கருவிகள் என்று வகைப்படுத்தியது. அந்தத் தலைப்பில் வரி கூடுதல். பிரிட்டனும் அயர்லாந்தும் அதுவரை இவற்றைக் கணினி உறுப்பாகவே ஏற்று வந்தன. அட்டைகளை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த அமெரிக்கா, உலக வணிக அமைப்பிடம் புகார் செய்தது.

1998 பிப்ரவரியில் விசாரணைக் குழு அமெரிக்காவின் பக்கம் நின்றது. அதே ஆண்டு ஜூன் மாதம் மேல்முறையீட்டு அமைப்பு அந்த முடிவைப் புரட்டிப்போட்டது. ஏற்றுமதி செய்யும் நாடு மட்டும் எதை எதிர்பார்த்தது என்பது போதாது. இரு தரப்பும் பொதுவாக எதை ஒப்புக்கொண்டன என்பதைப் பார்க்க வேண்டும் என்றது. இன்னொரு குறையையும் அது சுட்டிக்காட்டியது. வகைப்பாடு பற்றிய அந்த வழக்கில், எச்.எஸ். முறையையும் அதன் விளக்கக் குறிப்புகளையும் விசாரணைக் குழு ஆராயவே இல்லையாம்!

கதை அங்கே முடியவில்லை. 2000ஆம் ஆண்டில், ஜெர்மானிய இறக்குமதியாளர் ஒருவரின் வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் அட்டைக்குத் தரவுச் செயலாக்கம் தவிர வேறு தனி வேலை இல்லை, அதன் இடம் 8471தான் என்று தீர்ப்பளித்தது.

சிங்கப்பூரில் பிறந்த தீர்வு

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக வணிக அமைப்பின் அமைச்சர்கள் கூடினார்கள். தகவல் தொழில்நுட்ப உடன்பாடு அங்கே உருவானது. கணினி, தொலைத்தொடர்பு ஆகிய இரண்டு வகைக் கருவிகளுக்கும் இறக்குமதி வரியைப் படிப்படியாகச் சுழியாக்குவதே அதன் நோக்கம். மலேசியாவும் சிங்கப்பூரும் அதில் உறுப்பியம் பெற்றவை. இரு பக்கமும் வரி சுழி என்றால் சண்டைக்குக் காரணம் குறைந்துவிடும் அல்லவா?

பிறகு 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் எச்.எஸ். விதியே மாறியது. தனியாக இறக்குமதியாகும் தகவல் தொடர்புக் கருவிகள் 8471இலிருந்து விலக்கப்பட்டன. சுவிட்சும் ரவுட்டரும் இன்று 8517.62 என்ற உட்தலைப்பில் இருக்கின்றன. நீதிமன்றம் கணினிப் பக்கம் நின்றது. புதிய விதி தொலைபேசிப் பக்கம் சாய்ந்தது. அட்டை மாறவில்லை, அலமாரிதான் மாறியது.

வீட்டு ரவுட்டரும் கண்ணாடி வில்லையும்

ஒரே பெட்டியில் மோடம், ரவுட்டர், சுவிட்ச், வைஃபை நான்கும் இருந்தால்? பல வேலைகள் செய்யும் இயந்திரத்தை அதன் முதன்மை வேலையை வைத்தே வகைப்படுத்த வேண்டும் என்பது விதி. முதன்மை வேலை எதுவென்று தீர்மானிக்க முடியாதபோது, பொருந்தக்கூடிய தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு வழியில்லாதபோதுதான் இந்தக் கடைசி விதி.

ஒளியிழைக் கம்பியின் கதை இன்னும் சுவையானது. ஒவ்வோர் இழைக்கும் தனித்தனி உறை இருந்தால் அது செப்புக் கம்பிகளோடு 8544ஆம் தலைப்பில் சேரும். தனி உறை இல்லாவிட்டால் 9001ஆம் தலைப்புக்குப் போகும். அங்கே அதற்குப் பக்கத்து வீடு மூக்குக்கண்ணாடி வில்லை! இரண்டுமே ஒளியை வழிநடத்துபவை என்பதை எண்ணிப் பார்த்தால் காரணம் புரியும்.

வரி இல்லையென்றால் எண் எதற்கு?

இறக்குமதி வரி சுழியானாலும் குறியீடு தேவைப்படுகிறது. விற்பனை வரி, தடையற்ற வணிக உடன்பாட்டுச் சலுகை, ஏற்றுமதி இறக்குமதிப் புள்ளிவிவரம் எல்லாவற்றுக்கும் அதுவே திறவுகோல். வைஃபை கருவிகளுக்கு வரியோடு தொடர்பில்லாத தொழில்நுட்பச் சான்றும் வேண்டும். சிறு வணிகர் ஒருவர் தவறான எண்ணை எழுதினால், சரக்கு கிடங்கில் தங்கும். விடுபட்ட வரியும் தண்டமும் பின்னால் வரலாம்.

நீங்களோ உங்கள் வீட்டாரோ இத்தகைய கருவிகளை இறக்குமதி செய்வதானால், விற்பனையாளர் எழுதிக் கொடுத்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கருவியின் தொழில்நுட்ப விவரத்தாளை எடுத்து, அது என்ன வேலை செய்கிறது, தனியாக வருகிறதா, கணினிக்குள் பொருத்தப்பட்டு வருகிறதா என்று பாருங்கள். அப்போதும் ஐயம் இருந்தால், சரக்கு வருவதற்கு முன்பே சுங்கத்துறையிடம் எழுத்துமூலம் வகைப்பாட்டு முடிவைக் கேட்டுப் பெறலாம். மலேசியா, சிங்கப்பூர் இரண்டிலும் இந்த வசதி உண்டு. விண்ணப்பத்தில் கருவியின் பெயரை மட்டும் எழுதாதீர்கள்; அது செய்யும் வேலையை எழுதுங்கள். வகைப்பாட்டை முடிவு செய்வது பெரும்பாலும் அதுதான்.