பெட்டிக்குள் ஒளியும் துரு

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் அறிமுகமாகி, 16 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான மோரிஸ் மைனர், பிரிட்டனிலும் இலங்கையிலும் பழைய கார்ப் பிரியர்கள் இன்றும் விரும்பிப் புதுப்பிக்கும் வண்டிகளுள் ஒன்று. இதற்குத் தனியான சேசிஸ் கிடையாது; மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்து, விளிம்போடு விளிம்பு வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்த உள்ளீடற்ற பெட்டிகளே பாரத்தைத் தாங்குகின்றன. கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டி 'சில்' என்றும், முன் இருக்கைகளுக்கு அடியில் குறுக்காகச் செல்வது 'கிராஸ் மெம்பர்' என்றும் வழங்கப்படும். முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காகப் பயன்படும் முறுக்குத் தண்டுகளின் பின்முனை இந்தக் கிராஸ் மெம்பரில்தான் பிடித்திருக்கிறது என்பதால், வெளியே கண்ணாடிபோலப் பளபளக்கும் கார்கூட, அந்தப் பெட்டி உள்ளுக்குள் இற்றுப்போயிருந்தால், ஒரு பள்ளத்தில் இறங்கும்போது பிடிமானம் கிழிந்து முன்பக்கம் சரிந்துவிடக்கூடும்.

இத்தகைய பெட்டிகள் உள்ளிருந்தே அரிக்கப்படுகின்றன. பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பும், கொழும்பு, சென்னை போன்ற கரையோர நகரங்களில் கடற்காற்றும் ஈரத்தை மின்சாரம் கடத்தும் கரைசலாக்குகின்றன. அந்த ஈரம் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடுக்கில் நுழைந்து தங்கிவிடுகிறது. இடுக்கின் ஆழத்தில் ஆக்சிஜன் குறைவாகவும் வாயருகே மிகுதியாகவும் இருப்பதால், ஒரே தகட்டில் சிறு மின்கலம் உருவாகி, ஆக்சிஜன் குறைந்த உட்பகுதியின் இரும்பு கரைகிறது. இதுவே இடுக்கு அரிப்பு. துரு தன்னைப் பெற்ற இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்பதால் தகடுகள் புடைத்து விலக, அந்த வழியே மேலும் ஈரம் ஏறுகிறது.

இந்த இடங்களுக்கு ஸ்பிரே பெயின்ட் உரிய மருந்தாவதில்லை. துளை வழியாக அடிக்கும் பெயின்ட் எதிர்ச்சுவரில் வழிய, மூலைகளும் மடிப்புகளும் வெறுமையாகவே நிற்கும். தளர்ந்த துருவின்மேல் படிந்த பெயின்டோ துருவோடு சேர்ந்து உரிந்துவிடும். அமிலத் தொட்டியில் உடலை முழுவதுமாக மூழ்கடித்துத் துருவை நீக்கும் முறை சுத்தமானதுதான்; ஆனால் மடிப்புகளில் தங்கிய அமிலத்தைச் சரியாக நடுநிலையாக்காவிட்டால், மாதங்கள் கழித்து அது கசிந்து புதுப் பெயின்டைக் கெடுக்கும்.

எனவே வேலையின் வரிசையே முக்கியம். பழைய தகட்டை வெட்டி எடுத்துப் பெட்டி திறந்திருக்கும்போதே, கை எட்டும் நிலையில், உட்சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, எபாக்ஸி பிரைமரைப் பிரஷ்ஷால் பூசிவிட வேண்டும். ஒட்டும் விளிம்புகளுக்குத் துத்தநாகம் கலந்த வெல்டிங் பிரைமர் ஏற்றது; துத்தநாகம் இரும்புக்கு முன் தானே கரைந்து அதைக் காக்கும். ஆயினும் வெல்டிங்கின் சூட்டில் அக்கம்பக்கப் பூச்சு எரிந்துபோகும். பெட்டி மூடிய பிறகு அந்தக் கருகிய பட்டையைக் கை தொட முடியாது.

அங்கேதான் மெழுகு வேண்டும். உலராமல் மென்மையாகவே இருக்கும் இந்த மெழுகு, இடுக்குகளில் தானே ஊர்ந்து செல்வதோடு, சிறு கீறல்களையும் மீண்டும் மூடிக்கொள்கிறது. நுனியில் பல திசைத் துளைகள் கொண்ட நீண்ட குழாயைப் பெட்டியின் கடைசிவரை விட்டு, பீய்ச்சிக்கொண்டே மெல்ல வெளியே இழுப்பது முறை; மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தால் விட்டுப்போன இடம் தெரிந்துவிடும். வெல்டிங்குக்கு முன் அடித்தால் மெழுகு தீப்பிடிக்கும், பெயின்டுக்கு முன் அடித்தால் அது வெளியே பரவி வண்ணம் ஒட்டாமல் குழி விழும் என்பதால், இரண்டும் முடிந்த பின்னரே, உட்புறத்தை வெதுவெதுப்பான காற்றால் நன்கு உலர்த்திவிட்டு, இதைச் செய்ய வேண்டும்.

அடிப்பாகத்தில் தார்ப் பூச்சை மொத்தமாகப் பூசிக் காட்டும் பழக்கம் பட்டறைகளில் பரவலாக உண்டு. அது காய்ந்து வெடித்தால் நீரை உள்ளே சிறைப்படுத்துகிறது. வாங்குபவர் கண்ணிலிருந்து துருவை மறைப்பதே அதன் உண்மையான பயன் என்று சொல்லத் தோன்றுகிறது. மெழுகு அடித்து முடிந்ததும் சில்லின் அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று ஒரு கம்பியால் குத்திப் பார்ப்பது அவசியம். மெழுகு செலுத்தத் துளைத்த ஓட்டைகளை ரப்பர் மூடியால் அடைத்துவைத்தால், சில ஆண்டுகள் கழித்து அவற்றைத் திறந்து மீண்டும் ஒருமுறை அடித்துக்கொள்ளலாம்.